பாலம் போட்ட கதை

கணினி நமக்குரிய துறையன்று என்று நெடுநாள் ஒதுங்கியிருந்தவன் நான். ஒப்பாரிப் பாடல்கள்தாம் என்னை அதனிடம் கொண்டு சேர்த்தன.

வேடசந்தூர், நிலக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் ஒலிநாடாவில் பதிந்தவை அவை. பாடிய மூதாட்டியரில் பலர் இன்று இல்லை. பூட்டுக்குப் பெயர்போன திண்டுக்கல்லில், அந்நாடாக்களைப் பதினைந்து ஆண்டுகள் அலமாரியில் பூட்டியே வைத்திருந்தேன். பின்னர் கோப்புகளாக்கி, எங்கள் துறையின் லினக்ஸ் வழங்கியில் ஒரு மெய்நிகர் கணினியை நிறுவி அதனுள் சேர்த்தேன். வழங்கியின் முன்னமர்ந்தால் அவை ஒலித்தன. மாணவர் ஆய்வகத்திலிருந்து எட்டவில்லை.

காரணத்தை விளக்கியவர் என் பழைய மாணவர். "ஐயா, கே.வி.எம். கணினியை லிப்வர்ட் வழியாக நிறுவினால், வழக்கமாக 192.168.122 என்று தொடங்கும் முகவரிதான் கிடைக்கும். அது வழங்கிக்குள் மட்டுமே செல்லும். உள்ளிருந்து வெளியே பேசலாம்; வெளியிலிருந்து கூப்பிட முடியாது. பாலம் போடுங்கள்."

பாலம் என்பது வழங்கிக்குள் மென்பொருளால் அமையும் ஒரு சுவிட்ச். வலையட்டையும் மெய்நிகர் கணினியும் அதில் இணையும். விருந்தினருக்கும் கல்லூரி வலையிலேயே தனி முகவரி கிடைக்கும். ஒரு நிபந்தனை உண்டு: வலையட்டை அதுவரை வைத்திருந்த முகவரியைப் பாலத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

இந்த நிபந்தனையை நான் மறந்தேன். ஒரு மாலை ஆய்வகத்திலிருந்தபடியே எஸ்.எஸ்.எச். வழியாக நுழைந்து, வலையட்டையைப் பாலத்தில் சேர்த்தேன், முகவரியை மாற்றவில்லை. திரை உறைந்தது. அமர்ந்திருந்த கிளையையே வெட்டிய கதைதான். ஓடிப்போய்ப் பார்த்தால் துறை அறை பூட்டியிருந்தது. சாவி ஊழியரோடு வேடசந்தூர்ப் பேருந்தில் போயிருந்தது.

மறுநாள் காலை வழங்கியின் முன்னமர்ந்து திருத்தினேன். வலையட்டையிலிருந்து முகவரியை நீக்கிப் பாலத்துக்கு எழுதினேன். நுழைவாயில் முகவரியையும் அங்கேயே சேர்த்தேன். மெய்நிகர் கணினியைப் பாலத்தில் இணைத்து, வலைப் பொறுப்பாளரிடம் அதற்கொரு முகவரி பெற்றேன். கம்பி இணைப்பாதலால் இது கைகூடியது. வைஃபையில் இவ்வகைப் பாலம் பெரும்பாலும் எடுபடாது.

பிற்பகலில் ஆய்வகத்தில் ஒரு மாணவி, காதிலிருந்த கருவியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றாள்.

"ஐயா, இது எங்க அப்பத்தா குரல். வீட்டுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போகலாமா?"

அன்றுதான் முதன்முறையாக ஒரு பதிவின் படியை அதற்குரிய வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.