டிப் அடிச்சும் கண் கூசுதே!

திண்டிவனம் டு விழுப்புரம்... நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. 132-ம் எண் தேசிய நெடுஞ்சாலை, நாலு வழி. நைட் டிரைவுக்கு ஜாலி ரூட்! மாமாவோட பழைய காருக்கு 60/55 வாட்ஸ் பல்பைக் கழற்றிட்டு, நானே 100/90 மாட்டி கெத்தா கிளம்பினேன்.

விக்கிரவாண்டி தாண்டினதும் ராங் சைடுல ஒரு மொபெட். டிப் அடிச்சேன். அப்பவும் ஓட்டிவந்த பெரியவர் கண்ணைக் கையால மறைச்சார். வண்டி தடுமாறி ஓரத்து மண்ணுல இறங்கிடுச்சு. நல்லவேளை, விழலை. ராங் சைடு அவர் தப்பு. கண்ணைப் பறிச்சது என் தப்பு!

விழுப்புரத்துல ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட காட்டினா, பல்பு ஹோல்டரே உருகியிருக்கு. 60 வாட்ஸுக்கு 5 ஆம்பியர். 100-க்கு 8-க்கு மேல. பழைய ஒயர் தாங்குமா?

"வெளிச்சம் குறையறது பல்பால இல்ல தம்பி. கரண்ட் ஸ்விட்ச் வழியா சுத்தி வர்றதுக்குள்ள வோல்ட்டேஜ் இறங்கிடுது" என்றவர், பேட்டரியில இருந்து நேரா ஃபியூஸ், ரிலே போட்டு, பழைய 60/55 பல்பையே மாட்டினார். சுவர்ல அடிச்சுப் பார்த்து பீமையும் இறக்கிவிட்டார். 8 மீட்டர் தூரத்துல, ஒன்றரை மீட்டர் உயரத்துல இருக்கிற கண்ணு கூசக் கூடாதுங்கறது மோட்டார் வாகன விதி!

திரும்பி வரும்போது ரோடு பளிச். எதிர்ல யாரும் கையைத் தூக்கலை!