ஒரு நாள் கூடினால்

2008ஆம் ஆண்டு மாசி மாதம். நியூயோர்க் குயீன்ஸில் எனக்குத் தெரிந்த ஒருவரின் மகன், கடையொன்றில் ஜக்கெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வரும்போது பிடிபட்டான். பெடியனுக்கு இருபது வயது. ஜக்கெட்டின் விலை எண்பது டொலர். தகப்பன் எடுப்பித்து, கிரீன் கார்ட்டோடு வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை.

"அண்ணை, உவங்கள் கதைக்கிறது எனக்கு விளங்காது. ஒருக்கா கோர்ட்டுக்கு வாங்கோ" என்று தகப்பன் கேட்டார். வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன்.

கோர்ட் ஒழுங்கு செய்த லோயர் ஐந்து நிமிடம் கதைத்தார். சின்னக் கேஸ்தான், குற்றத்தை ஒத்துக்கொண்டால் மறியல் இல்லை, இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். தகப்பன் அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டார்.

அவர் சொன்னது பொய்யில்லை. நியூயோர்க் சட்டத்தில் குற்றங்களுக்குப் படிகள் உண்டு. மேலே பெலனி, ஏ முதல் ஈ வரை. கீழே மிஸ்டிமீனர், ஏ, பி என்று. அதற்கும் கீழே வயலேஷன். அதைச் சட்டம் குற்றம் என்றே சொல்லாது, ஆகக்கூடினால் 15 நாள் மறியல். ஆயிரம் டொலருக்கு மேல் களவெடுத்தால் பெலனி. எண்பது டொலர் ஜக்கெட் ஏ வகுப்பு மிஸ்டிமீனர்.

என்னுடைய அகதிக் கேஸ் நடந்த காலத்தில் குடிவரவு லோயர்மாரின் வாசலில் எத்தனையோ நாள் காத்திருந்தவன் நான். பக்கத்துக் கதிரையில் இருப்பவர்களின் கதைகளைக் கேட்டே பாதிச் சட்டம் படித்தேன். அதனால் ஒரு கேள்வி கேட்டேன். "இந்தக் குற்றத்துக்கு ஆகக்கூடிய தண்டனை எவ்வளவு?"

"ஒரு வருடம். ஆனால் ஒருவரும் அவ்வளவு கொடுக்கமாட்டார்கள்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சமஷ்டிக் குடிவரவுச் சட்டம் நீதவான் எவ்வளவு கொடுத்தார் என்று மட்டும் பார்ப்பதில்லை. நாட்டுக்குள் வந்து ஐந்து வருடத்துக்குள் களவு மாதிரியான ஒழுக்கக்கேடான குற்றம் செய்து, அதற்கு ஒரு வருடமோ கூடவோ கொடுக்க *இடமிருந்தால்* போதும், நாடு கடத்தலாம். ஒரு நாள்கூட மறியலில் இருக்கத் தேவையில்லை. மாநிலச் சட்டத்துக்குச் சின்னக் கேஸ், குடிவரவுக்காரருக்குப் பெரிய கேஸ். அந்த மாதத்துக்கு முதல் மாதம்தான் இலங்கை அரசாங்கம் போர்நிறுத்த ஒப்பந்தத்தை உத்தியோகபூர்வமாகக் கிழித்தெறிந்திருந்தது. இருபது வயதுத் தமிழ்ப் பெடியன் ஒருவன் கட்டுநாயக்காவில் போய் இறங்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தகப்பனைத் தனியே கூப்பிட்டு, இன்றைக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம், தவணை கேட்போம் என்றேன். மனுசன் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வை! வீட்டுக்கு வரவிருந்த பிள்ளையை நான் பிடித்து வைத்த மாதிரி. இரண்டு கிழமை என்னோடு சரியாகக் கதைக்கவே இல்லை. பிறகு குடிவரவுச் சட்டம் தெரிந்த இன்னொரு லோயர் பேசி, ஒழுங்கீனமான நடத்தை என்ற வயலேஷனாக இறக்கினார். தண்டப் பணமும் சில நாள் தெருக்கூட்டலும்.

முதல் லோயரில் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் அப்போது அதைச் சொல்லவேண்டும் என்று அவருக்கு ஒரு கட்டாயமும் இருக்கவில்லை. குற்றத்தை ஒத்துக்கொண்டால் நாடு கடத்தப்படலாம் என்று லோயர் எச்சரித்தே ஆகவேண்டும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 2010இல், படில்லா வழக்கில்.

அதற்குப் பிறகு மாநிலங்களே ஒரு வழி கண்டுபிடித்தன. வாஷிங்டன் மாநிலம் 2011இலும் கலிபோர்னியா 2015இலும் நியூயோர்க் 2019இலும் மிஸ்டிமீனரின் உச்சத் தண்டனையை 365இலிருந்து 364 நாளாக்கின. ஒரேயொரு நாள்! ஆனாலும் கலிபோர்னியாவின் பழைய தீர்ப்புகளுக்கு இந்தக் குறைப்பு செல்லாது என்று 2018இல் சமஷ்டிக் குடிவரவு மேன்முறையீட்டுச் சபை கையை விரித்துவிட்டது. முந்தி ஒத்துக்கொண்டவர்கள் பாவம்.

பெடியன் இப்போது சிற்றிசன், இரண்டு பிள்ளைகள். கடைக்குப் போனால் கார் வரைக்கும் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருவான். மனைவிக்கு ஏன் என்று தெரியாது.