நீலம் பூத்த தட்டு

கியர்பாக்ஸ் இறங்குவதற்கு முன்பே வாடை இறங்கிவிட்டது. குன்னூர் மலைப்பாதையில் பாரவண்டிக்குப் பின்னால் போனவர்களுக்கு அது தெரியும்: வெந்தயத்தை வாணலியில் போட்டுவிட்டு மறந்ததுபோல் ஒரு கசப்பு, கூடவே கருகிய ரப்பர். வண்டிக்கடியில் சாக்கு விரித்துப் படுத்திருந்த பையன் முகம்கூடச் சுளிக்கவில்லை. டிராலி ஜாக் பக்கத்திலேயே இருந்தும், கடைசி நான்கு விரல்கடை இறக்கத்துக்குக் கியர்பாக்ஸைத் தன் நெஞ்சில்தான் வாங்கினான். ஷாஃப்ட் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஜாக்குக்குத் தெரியாதாம், நெஞ்சுக்குத் தெரியுமாம்.

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டை ஒட்டிய தகரக் கொட்டகை அது. வண்டி என் சித்தப்பா மகனுடைய பொலேரோ பிக்கப். மலைக்குச் சிமெண்ட் ஏற்றிப் போவான்; இறங்கும்போது கேரட்டோ உருளைக்கிழங்கோ மண்டிக்கு வரும். வண்டி தாங்குவது 1,700 கிலோ. 50 கிலோ மூட்டையில் 34 ஏற்றினால் கணக்கு முடிந்தது. தம்பி 50 ஏற்றுவான். அதை மறைக்கவும் மாட்டான். "முப்பத்திநாலு ஏத்துனா டீசலும் டியூவும் போக எனக்கு டீக்காசுதானுங்ணா மிஞ்சும்."

இந்த முறை கம்பெனிக் கிளட்ச் வேண்டாம், 'பட்டன் பிளேட்' போட்டுவிடலாம் என்று தீர்மானித்துத்தான் வந்திருந்தான். மண்டியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். டிராக்டருக்கும் பெரிய லாரிக்கும் போடுவது, ஸ்லிப் ஆகவே ஆகாது என்று.

கொட்டகைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பேச்சுக்குப் பதில் சொல்லாமல் பழைய தட்டைக் கையில் வாங்கி, ஜோசியர் கைரேகை பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் திருப்பினார். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல் அகலம். நடுவில் ஸ்ப்ளைன் வெட்டிய துளை, அதைச் சுற்றிக் குட்டி ஸ்பிரிங்குகள், ஓரத்தில் இருபுறமும் லைனிங். லைனிங் கண்ணாடிபோல் வழவழத்திருந்தது. ஆணித் தலைக்கு மேல் 0.3 மில்லிமீட்டராவது லைனிங் நிற்க வேண்டும்; இதில் பாதி ஆணிகள் தலையைக் காட்டிவிட்டன. பிரஷர் பிளேட்டை என்னிடம் நீட்டினார். இரும்பில் மயில்கழுத்து நீலத்தில் திட்டுத்திட்டாய்ப் பூத்திருந்தது.

"எண்ணெய் பட்டிருந்தா கறுப்பா ஊறியிருக்கும். இது வெந்தது. பாரம் இழுத்துச் செத்த தட்டு இல்லீங்க, நின்னு செத்த தட்டு."

இந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் நீலகிரி மலை ரயில் கிளம்புகிறது. 1899 முதல் குன்னூருக்கு ஏறிக்கொண்டிருக்கும் அந்தத் தடத்தில், நீராவி எஞ்சினுக்குக் கிளட்சே கிடையாது. நின்ற இடத்திலேயே நீராவி பிஸ்டனை முழுபலத்தோடு தள்ளும். டீசல் எஞ்சினால் அது முடியாது. சுற்றிக்கொண்டிருந்தால்தான் அதற்கு உயிர். சுற்றும் எஞ்சினையும் நின்ற சக்கரத்தையும் சண்டையில்லாமல் சேர்த்துவைக்க நடுவில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் உராய்ந்துதான் சேர்க்க முடியும். உராய்ந்தால் சூடு.

பாய் சொன்னதை நான் ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். தோராயம்தான். சொந்த எடையும் 50 மூட்டையும் சேர்ந்து வண்டி 4 டன்னைத் தாண்டும். ஏற்றம் 12-க்கு 1 என்று கொள்வோம். பக்கத்தில் போகும் பல்சக்கர ரயில்பாதையின் கடும் ஏற்றம் அதுதான். கொண்டை ஊசி வளைவில் எதிரே பேருந்து வருகிறது. பிரேக் போடாமல் பாதிக் கிளட்சில் வண்டியைத் தொங்கவிட்டால், முதல் கியரின் உதவியும் பின் அச்சின் உதவியும் போகக் கிளட்ச் தாங்க வேண்டிய திருகுவிசை 60, 70 நியூட்டன் மீட்டர்தான். இந்த எஞ்சின் தரும் உச்சமே 200 அளவில். கம்பெனித் தட்டு அதற்கும் மேலே தாங்கும்படி செய்யப்பட்டது. ஆகவே பலம் போதாமல் அது சாகவில்லை. ஆனால் எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்றில் ஓட, தட்டு நிற்க, நடுவில் பிறக்கும் சூடு 6, 7 கிலோவாட். ஆறேழு இஸ்திரிப் பெட்டிகளை ஒரு சாண் அகலத்தில் அடுக்கிச் சுவிட்சைப் போட்ட மாதிரி.

காகிதத்தைப் பாயிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "இதுக்கு இவ்வளவு எழுதோணுமா?" என்றார்.

பட்டன் பிளேட் ஒன்று அவரிடமே இருந்தது. முழு வளையமாக லைனிங் இல்லை. செம்புத்தூளையும் பீங்கான் துகளையும் அழுத்திச் சுட்ட கட்டிகள், பிஸ்கட் மாதிரி தள்ளித்தள்ளி. சூட்டைத் தாங்குவதில் இதற்கு நிகரில்லை, அதை அவர் ஒத்துக்கொள்கிறார். ஆனால் மெல்லப் பிடிக்கத் தெரியாது. பிடித்தால் பிடி, விட்டால் விடு. வண்டி குலுங்கிக் கிளம்பும், பிளைவீலின் முகத்தைச் சுரண்டும். வழுக்காத கிளட்ச் அதிர்ச்சியை அப்படியே பின்னால் தள்ளிவிடும்: கியர்ப் பல்லுக்கு, யூ ஜாயிண்டுக்கு, பின் அச்சின் கிரவுனுக்கு. "தட்டு போனா எங்கிட்ட வருவே. கிரவுன் போனா நடுமலையில நிப்பே" என்றார் தம்பியிடம்.

பிரஷர் பிளேட்டை மட்டும் கடினமான ஸ்பிரிங் உள்ளதாக மாற்றலாமே என்று நான் கேட்டேன். படித்தவன் கேட்கும் கேள்வி. பாய் சிரித்தார். பிடி கூடும், உண்மை. பெடலும் கல்லாகும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் இடதுகால் எத்தனை முறை மிதிக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, தம்பியின் முழங்காலை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான்.

பேச்சுக்கிடையே தம்பியோடு பக்கத்துக் கடைக்குப் போனேன். அங்கே லைனிங் அடிக்கிறார்கள். தேய்ந்த லைனிங்கின் ஆணிகளைத் துளைபோட்டு எடுத்து, எஃகுத் தகட்டைச் சுத்தம் செய்து, புது வளையத்தை இருபுறமும் வைத்துப் பித்தளைக் குழல் ஆணியை அழுத்துகிறார் ஒரு பெரியவர். ஒரு ஆணி இந்தப் பக்கத்திலிருந்து, அடுத்தது அந்தப் பக்கத்திலிருந்து. இரண்டு லைனிங்குக்கும் நடுவே இருக்கும் தகடு தட்டையாக இல்லை, அலையலையாக வளைந்திருக்கிறது. மெத்தை மாதிரி அது அமுங்கி எழுவதால்தான் வண்டி பூப்போலக் கிளம்புகிறது. ஆணியை அதிகமாக இறுக்கினால் அந்த அலை செத்துவிடும். குறைத்தால் லைனிங் பறந்துவிடும். எவ்வளவு என்று கேட்டேன். அவர் நெம்புகோலை என் கையில் கொடுத்து, தன் கையை மேலே வைத்து அழுத்திக் காட்டினார். என் கைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இப்போதைய லைனிங்கில் கண்ணாடி இழை, செம்புக் கம்பி, ரப்பர், பிசின். அவர் தொழில் கற்ற காலத்தில் கல்நார். அதன் தூசி நுரையீரலில் தங்கிவிடும் என்று அன்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. காற்றுக் குழாயால் ஊதி, அரத்தால் ராவி, அதே கையோடு சோறு தின்றிருக்கிறார். இன்றும் ஊதித்தான் சுத்தம் செய்கிறார். முகத்தில் ஒரு துண்டுதான் கட்டு. அவரைப் பார்த்து, பழைய தட்டுக்கே லைனிங் அடித்தால் மலிவு என்று பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. தம்பிக்கு வந்தது. பெரியவரே தடுத்துவிட்டார்: "வெந்த தகட்டுல நான் அடிக்கமாட்டேன் கண்ணு. அலை போயிருச்சு, பாரு."

கடைசியில் வாங்கியது கம்பெனி அளவிலேயே முழு செட்: தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். போலிப் பெட்டிகள் புழங்குவதால் பாய் பெட்டியை மோந்துகூடப் பார்த்தார். பிளைவீலை லேத்துக்கு அனுப்பி முகம் சீவிக்கொண்டு வந்தார்கள். அதற்கே ஒரு மதியம் போயிற்று. டம்மி ஷாஃப்டைச் செருகித் தட்டை நடுவுக்குக் கொண்டுவந்து, போல்ட்டுகளை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான் அந்தப் பையன். கியர்பாக்ஸ் மறுபடி அவன் நெஞ்சில் ஏறி மேலே போனது. பெடலின் ப்ளேயைப் பாய் தன் கையாலேயே அமுக்கிப் பார்த்து வைத்தார். தம்பியின் வண்டியில் அது துளியும் இல்லாமல் இருந்ததாம். அதாவது கால் எடுத்த நேரத்திலும் கிளட்ச் அரைகுறையாக மிதிபட்டே இருந்திருக்கிறது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மேல் கியரில் போட்டுக் கிளட்ச்சை விடச் சொன்னார். எஞ்சின் ஒரு தும்மல் போட்டு நின்றது. நின்றால் நல்லது, ஓடிக்கொண்டிருந்தால் தட்டு வழுக்குகிறது என்று அர்த்தம்.

"வளைவுல நின்னா ஹேண்ட் பிரேக் போடு. காலைப் பெடல் மேல ஓய்வுக்கு வைக்காதே. முதல் ஐநூறு கிலோமீட்டர் லேசா ஓட்டு, முகம் பதியட்டும்" என்று சொல்லிவிட்டுப் பாய் கை கழுவப் போனார்.

தம்பி காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, கொட்டகை ஓரத்தில் நின்று சிமெண்ட் கடைக்குப் போன் போட்டான். பட்டன் பிளேட் கனவு முகத்திலிருந்து முழுதாக இறங்கவில்லை.

"ஆமாங்க, வண்டி ரெடிங்க. காலையில வந்தர்றேன். அம்பது வேண்டாங்க, நாப்பது போடுங்க."

சோப்பு நுரைக்குள்ளிருந்து பாய் திரும்பாமலே சொன்னார்: "முப்பத்திநாலு."