பெரியப்பாவின் கால்

பட்டு நூலை விரலால் நெருடிப் பார்த்தே முறுக்கு சரியா என்று சொல்லிவிடுவார் என் பெரியப்பா. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஐம்பது வருஷமாகத் தறிக்குழியில் உட்கார்ந்தவர். அவருடைய உள்ளங்காலில் டாக்டர் ஒரு நைலான் இழையை அழுத்தி, "தெரிகிறதா?" என்றார். "இன்னும் வைக்கவில்லையே?" என்றார் பெரியப்பா. எங்களுக்குப் பகீரென்றது!

வைகாசிக் கருட சேவையன்று வெறுங்காலோடு பெருமாள் பின்னால் நடந்ததில் வந்த கொப்புளம். வலிக்கவில்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. தறியை மிதித்துக்கொண்டே இருந்தார். இரண்டு மாதமாகியும் புண் ஆறவில்லை. பெரியம்மா மஞ்சள் பற்றுப் போட்டாள். அடுத்த வீட்டுக்காரி வேப்பெண்ணெய் என்றாள். புண் என்று ஒன்று வந்துவிட்டால் தெருவெல்லாம் வைத்தியர்கள்தானே!

சர்க்கரை பல வருஷம் ஏறியே இருந்தால் கால் நரம்புகள் மரத்துப் போகின்றன. ரத்த ஓட்டம் குறைகிறது. கிருமியோடு போராடும் வெள்ளையணுக்களும் சோர்ந்துவிடுகின்றன. ஆகவே சர்க்கரையை அடக்க வேண்டும், செத்த தோலை டாக்டர் நீக்க வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு அந்தக் காலையே ஊன்றிக்கொண்டிருந்தால் புண் எப்படி ஆறும்?

இந்த உண்மையை எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர், நமக்குப் பக்கத்தில் வேலூரில் இருந்தவர்தான். கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் காலில் புண் வருவது சதை கெட்டதால் அல்ல, வலி தெரியாமல் ஒரே இடத்தை மிதித்து மிதித்துத்தான் என்று கண்டார். மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தை விலக்கினால் ஆறியது. ஆறிய காலுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு. 1966-ல் அவர் அமெரிக்கா போன பிறகு, இதே வழி நீரிழிவுக்காரர்களின் காலையும் காப்பாற்றியது.

பெரியப்பாவுக்கும், ரத்த ஓட்டம் போதுமா என்று பார்த்துவிட்டு, மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் தறி மிதிக்கக் கூடாது. தறியிலோ பாதி நெய்த முகூர்த்தப் புடவை! "கூலிக்கு எங்கே போவது?" என்று சீறினார்.

"காலையே எடுத்துட்டா எதை வச்சு மிதிப்பீங்க?" என்றாள் பெரியம்மா. முதலாளியிடம் அவளே போய்க் கெடு வாங்கி வந்தாள்.

ஏழாவது வாரம் புண் மூடிக்கொண்டது. இப்போது தினமும் இரவில் பெரியம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புடவையில் இழை விட்டிருக்கிறதா என்று பார்ப்பதுபோல, அவர் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்கிறாள். வெந்நீரின் சூட்டை அவள் முழங்கை சொன்ன பிறகுதான் அவர் காலில் படும். வீட்டுக்குள் செருப்பா என்று முதலில் முகம் சுளித்தவளும் அவள்தான். இன்று கூடத்துக்கென்றே தனி ஜோடி. பெரியப்பா மறந்து வெறுங்காலோடு எழுந்தால், அடுப்படியிலிருந்தே குரல் வந்துவிடும்.