தவளையின் கால்

மழை பெய்து ஓய்ந்த இரவில் குளக்கரையிலும் வயல் வரப்பிலும் எழும் தவளைகளின் ஒலியைக் கேளாதார் தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் இலர். அவ்வொலி பாம்புக்கு வழிகாட்டும் என்று கருதியே, ‘தவளை தன் வாயால் கெடும்’ என்றனர் முன்னோர். அறிவு குறுகியவனைக் ‘கிணற்றுத் தவளை’ என இகழ்வதும் வழக்கமாயிற்று. இங்ஙனம் பழிப்புக்கே இலக்காகி நின்ற அச்சிற்றுயிரின் உடலமைப்பை ஊன்றி நோக்குவார்க்கு, இகழ்ச்சி மறைந்து வியப்பே மேலிடும்.

வரப்போரத்தில் அமர்ந்திருக்கும் ஒரு தவளையைக் காண்க. அதன் பின்கால்கள் தொடை, கணைக்கால், பாதம் என மடிந்து உடலோடு ஒட்டியிருக்கின்றன. மனிதனது கணைக்காலில் இரண்டு எலும்புகள் தனித்தனியே உள்ளன. தவளைக்கோ அவையிரண்டும் ஒன்றாக இணைந்து வலுப்பெற்றுள்ளன. மனிதனுக்குக் குறுகியனவாய் இருக்கும் கணுக்கால் எலும்புகளுள் இரண்டு, தவளைக்கு நீண்டு வளர்ந்துள்ளன. அதனால் காலின் நீளமும் மிகுகின்றது. மடிப்பும் ஒன்று கூடுகின்றது. தாவுவதற்கு முன்னர்த் தசைகள் சுருங்கித் தசைநார்களை இழுக்கின்றன. நாணேற்றிய வில்லில் ஆற்றல் அடங்கியிருப்பதுபோல அந்நார்களிலும் ஆற்றல் அடங்கி நிற்கின்றது. மடிந்த கால்கள் திடுமென நிமிரும்பொழுது, தவளை அம்பெனப் பாய்கின்றது.

பாய்தல் எளிது, பாய்ந்தபின் விழுதலன்றோ அரிது? அதற்கும் வேண்டிய அமைப்பு அவ்வுடலில் உண்டு. மனிதனது முதுகுத்தண்டில் 33 முள்ளெலும்புகள் இருக்க, வயல் தவளைக்கு ஒன்பதே உள்ளன. அவற்றின் பின்னே வாலெலும்புகள் ஒன்றாய் இணைந்து ஒரு கோலாக நிற்கின்றன. நெளிவதற்கு இடமில்லாத இக்குறுகிய முதுகு, கால்களின் விசையைச் சிதறாமல் உடலுக்குச் செலுத்துகின்றது. குட்டையான முன்கால்கள் தரையில் முதலில் ஊன்றி, வீழ்ச்சியின் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கின்றன.

வாழும் இடம் வேறுபடின் காலும் வேறுபடுகின்றது. நீரில் வாழும் தவளைக்குப் பின்கால் விரல்களை இணைக்கும் சவ்வு அகன்று, துடுப்பாகப் பயன்படுகின்றது. வீட்டு மூலைகளில் உலவும் சொறித் தவளைக்குக் கால்கள் குறுகியவை. அது நெடுந்தொலைவு தாவாது, சிறுசிறு துள்ளலாகவே செல்லும். மரத்தவளைக்கு விரல் நுனிதோறும் வட்டமான ஒட்டுத்திண்டு உண்டு. அதனைக்கொண்டு வழுவழுப்பான இலையிலும் பற்றி ஏறும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் ஒருவகை மரத்தவளை, அகன்ற விரற்சவ்வுகளை விரித்து மரம்விட்டு மரம் மிதந்து இறங்கும். அம்மலையிலேயே, 2003ஆம் ஆண்டில் அறிவியலார் முதன்முதலாக விவரித்த ஊதாத் தவளையும் வாழ்கின்றது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துக் கறையானை உண்ணும் அதற்குத் தாவுங்கால் எதற்கு? குறுகிய பின்கால்களில் மண்வெட்டிபோன்ற தடித்த புடைப்புகளே அதற்குப் போதியனவாயின.

இவற்றை அறிந்தபின் கிணற்றுத் தவளையை இகழ மனம் வருமோ? செங்குத்தான சுவரில் பற்றி ஏறும் ஒட்டுத்திண்டு வயல் தவளைக்கு இல்லை. கிணற்றில் வீழ்ந்த அது அங்கேயே தங்கிவிடுவது அறிவின் குறையன்று, காலின் இயல்பேயாகும்.

எனினும், அதனைக் காத்துவந்த காலே ஒரு காலத்தில் அதற்குப் பகையாயிற்று. கடந்த நூற்றாண்டில் மேலைநாட்டு உணவு மேசைகளுக்காக இந்திய வயல்களில் தவளைகள் பெருந்திரளாகப் பிடிக்கப்பட்டன. பின்கால்களை மட்டும் வெட்டியெடுத்துக் கப்பலேற்றினர். வாயால் கெடும் என்று கூறப்பட்ட தவளை, மனிதனது ஆசையினால் தன் காலால் கெட்டது. பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தின்று உழவனுக்கு ஊதியம் கேளாத காவலனாய் விளங்குவது அது என்பதை ஆசை மறைத்துவிட்டது. 1987ஆம் ஆண்டில் இந்திய அரசு அவ்வேற்றுமதிக்குத் தடைவிதித்தது.

கத்தியினின்று தப்பிய தவளைக்கு வேறோர் இடர் இன்றும் உண்டு. அது நீரை வாயால் பருகுவதில்லை. ஈரமான மெல்லிய தோலின் வழியாகவே நீரையும் காற்றின் ஒரு பகுதியையும் பெறுகின்றது. வயலில் தெளிக்கும் நஞ்சும் அத்தோலின் வழியே உட்புகும். அந்நஞ்சினின்று தாவித் தப்புதற்கு எத்துணை வலிய காலும் போதாது. குளத்தைத் தூர்க்காமலும், நீரில் நஞ்சைக் கலவாமலும் காப்பது மனிதன் கையிலேயே உள்ளது. மழையிரவில் ஒலிக்கும் அக்குரல், அந்நீர் இன்னும் உயிர்வாழத் தக்கதாய் இருக்கின்றது என்பதற்குச் சான்றாகும். அக்குரல் அடங்கிய ஊரில், மழை பெய்தும் வளம் குன்றியது என்றே கொள்ளல் வேண்டும்.