பேத்தியின் கேள்வித்தாளும் என் பழைய ஃபைலும்

போன மாதம் பேத்தி பெங்களூரிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருந்தாள். எம்.பி.ஏ. சேர ஜிமேட் பரீட்சைக்குப் படிக்கிறாள். மொழிப் பகுதியில் 45 நிமிடத்தில் 23 கேள்வி. ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூடத் தேறாது. மாடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "எனக்கும் பத்துக் கேள்வி கொடு பார்ப்போம்" என்றேன். முப்பத்தாறு வருஷம் ஃபைலில் நோட் எழுதிய தைரியம். பத்துக்கு நாலுதான் சரி.

அதிகம் வழுக்கியது ஒரே வகைக் கேள்வியில். ஒருவர் ஏதோ சொல்வார், இன்னொருவர் அதற்குப் பதில் சொல்வார். இரண்டாமவர் முதலாமவரை எந்த வகையில் மறுக்கிறார் என்று கேட்டு ஐந்து விடை கொடுத்திருப்பார்கள். உங்களுக்குப் புரிவதற்காக நம் ஊர்ப் பாணியில் ஒன்று சொல்கிறேன்.

முதலாமவர்: "எங்கள் தெருவில் வேகத்தடை போட்ட பிறகு விபத்து பாதியாகக் குறைந்துவிட்டது. ஆகவே வேகத்தடையால்தான் குறைந்தது." இரண்டாமவர்: "அதே வாரம்தானே பள்ளிக்கூடத்தைக் கோடை விடுமுறைக்கு மூடினார்கள்?"

இந்த மாதிரிக் கேள்வியில் நான் டிக் போட்டது, 'முதலாமவர் சொன்ன தகவல் தவறு என்று நிரூபிக்கிறார்' என்ற விடையை. பேத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். "விபத்து குறையலைன்னு அவர் எங்க தாத்தா சொன்னார்? குறைஞ்சதை ஒத்துக்கிட்டார். அதுக்கு வேற காரணம் இருக்கலாம்னுதான் சொல்றார். நீங்க யார் சொல்றது சரின்னு தீர்ப்பு எழுதறீங்க. இங்க அதைக் கேக்கவே இல்லை."

பிறகு அவள் வழியைச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் முதலாமவரின் முடிவு எது என்று ஒரு வரியில் பிடிக்க வேண்டும். அதற்கு அவர் காட்டும் ஆதாரம் எது என்று பார்க்க வேண்டும். பிறகு இரண்டாமவரின் அடி எங்கே விழுகிறது என்று தேட வேண்டும். ஆதாரத்தின் மேல் விழலாம், முடிவின் மேல் விழலாம். பெரும்பாலும் ஆதாரத்திலிருந்து முடிவுக்குத் தாண்டும் அந்த இடைவெளியில்தான் விழுமாம். கடைசியாக, விடையில் இருக்கும் வினைச்சொல்லை உரசிப் பார்க்க வேண்டும். 'நிரூபிக்கிறார்' வேறு, 'சந்தேகம் எழுப்புகிறார்' வேறு. ஒரு சொல் கூடினாலும் விடை தப்பு. எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில்கூட இவ்வளவு கறார் கிடையாது!

யோசித்துப் பார்த்தால் இது எனக்குப் புதிதே இல்லை. பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதும்போது எங்கள் வாத்தியார் தலையில் குட்டிச் சொன்னதுதான். எதிராளி சொல்வதில் ஒப்புக்கொள்ளத் தக்கதை முதலில் 'செர்த்' என்று ஆரம்பித்து ஒப்புக்கொள், பிறகு 'மே' என்று திருப்பு. நம் நன்னூலும் ஏழு வகை மதம் சொல்கிறது. உடன்படுவது ஒன்று, மறுப்பது ஒன்று, பிறர் கருத்தை முதலில் மேற்கொண்டு பின்னால் களைவது இன்னொன்று. தமிழை வீட்டிலேயே படித்த நான் நன்னூலைத் தொட்டது ரிட்டயர் ஆன பிறகுதான். அது போகட்டும்.

அன்று சாயங்காலம் போட்ட கேள்வி ஒன்றில் தப்பு விடையாக ஒரு வரி வந்தது: 'எதிராளியின் தகுதியைக் குறை சொல்கிறார்.' அதைப் படித்ததும் 1984 ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது குடும்ப பென்ஷன் கேட்டு ஒரு அம்மாள் மனு போட்டிருந்தார். கணவர் கடைநிலை ஊழியர், வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டார். கல்யாணம் 1952இல், பிரெஞ்சுக்காரர் காலத்தில் மேரியில் பதிவானது. அந்தப் பதிவேட்டில் கணவர் பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இருந்தது. முனுசாமி என்று எழுத, 'உ' ஓசைக்கு ஓ, யு என்று இரண்டு எழுத்து போடுவார்கள். சர்வீஸ் புத்தகத்திலோ இங்கிலீஷ் வழக்கப்படி வெறும் யு. எங்கள் பிரிவின் மேலாளர் நோட் போட்டார்: எழுத்து வேறாக இருக்கிறது, ஆகவே இருவரும் வெவ்வேறு ஆட்கள், ஆகவே மனுவை ஏற்பதற்கில்லை.

நம் ஊரில் பிறந்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். நம்மில் எத்தனை பேர் இரண்டு எழுத்துக்கூட்டலோடு வாழ்ந்தோம்! எனக்குக் கோபம் வந்தது. எழுத்து வேறாக இருப்பது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு, எழுத்து வேறானால் ஆளும் வேறு என்ற அந்தத் தாண்டலை மட்டும் நான் உடைத்திருக்க வேண்டும். தகப்பனார் பெயரும் பிறந்த தேதியும் இரண்டிலும் ஒன்றே என்று காட்டினால் முடிந்தது. அந்த விவரம் ஃபைலிலேயே இருந்தது. நான் எழுதியதோ இப்படி: 'பிரெஞ்சுப் பதிவேட்டைப் படிக்கத் தெரியாதவர் இதில் கருத்துச் சொல்ல இயலாது.'

எழுதியபோது பெருமையாகத்தான் இருந்தது. மேலாளர் வெளியூர்க்காரர். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு வரியால் ஃபைல் பென்ஷன் விஷயமாக இல்லாமல் என் ஒழுங்கு விஷயமாக மாறிவிட்டது. என்னிடம் விளக்கம் கேட்டார்கள், நான் பதில் கொடுத்தேன், அதற்கு மேல் ஒரு குறிப்பு வந்தது. மனு அடியில் போய்விட்டது. அந்த அம்மாள் மாதம் ஒருமுறை வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "ஐயா, நீங்கதான் நம்ம பக்கம் எழுதினீங்களாமே" என்று என்னைப் பார்த்துக் கும்பிடுவார். நான் ஃபைலைத் தேடுவது போலக் குனிந்துகொள்வேன்.

பிறகு என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். என் இடத்துக்கு வந்தவர் எஸ்.எஸ்.எல்.சி. படித்த சின்னப் பையன், பிரெஞ்சில் ஒரு சொல் தெரியாது. தகப்பனார் பெயரையும் பிறந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, 'ஒப்பிட்டுப் பார்க்க' என்று இரண்டே வரி போட்டான். அதே மேலாளர் கையெழுத்துப் போட்டார்.

பேத்தி பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பாட்டிக்குப் பணம் வந்துதா தாத்தா?"

"வந்தது. பதினாலு மாசம் கழிச்சு."

"உங்க நோட் இல்லாம இருந்தா?"

நான் பதில் சொல்லவில்லை. அவளும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தாள்.