உம்மாவின் கஞ்சி

2016 ஆம் ஆண்டு ரமலானில் உம்மாவுக்கு நான் ஒரு தீங்கு செய்தேன். அன்பினால் செய்த தீங்கு. ஆதலால் அதைத் தீங்கென்று உணர எனக்குச் சில நாள்கள் பிடித்தன.

உம்மாவுக்கு நீரிழிவு. நோன்பு நோற்கக் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகைதானே என்று நாங்கள் தேற்றினோம். ஆயினும், மஃரிப் வேளையில் எங்களோடு விரிப்பில் அமர்ந்து ஒரு கிண்ணம் கஞ்சி குடிப்பதை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

நோன்புக் கஞ்சி வெறும் அரிசிக் கஞ்சியன்று. அரிசியோடு பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, கொத்துக்கறி. இறக்கும் தறுவாயில் தேங்காய்ப்பால். 'இத்தனை கறியும் கொழுப்பும் நோயாளிக்கு ஆகுமா?' என்று நான் அஞ்சினேன். உம்மாவுக்கெனத் தனிச் சட்டி வைக்கச் சொன்னேன். கறி வேண்டா, தேங்காய்ப்பால் வேண்டா, பருப்பு வாயு, வெந்தயம் கசப்பு. அரிசியைப் பொடித்துக் குழையக் காய்ச்சிய வெள்ளைக் கஞ்சியே அவர்கள் கிண்ணத்துக்கு வந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து விரல்நுனி இரத்தத்தைச் சோதித்தேன். முதல் நாள் வீட்டுக் கஞ்சிக்கு 218 காட்டிய கருவி, இன்று 287 காட்டியது. மறுநாளும் ஏறக்குறைய அதே கணக்கு. மூன்றாம் நாள் கிண்ணத்தைப் பார்த்தபடி உம்மா மெல்லச் சொன்னார்கள்: "கஞ்சியில இருந்த நல்லதையெல்லாம் எடுத்துட்டு, அரிசிய மட்டும் விட்டு வச்சிருக்கியே, வாப்பா!"

அந்த ஒரு சொல்லே என்னைப் புத்தகங்களிடம் அனுப்பியது. பொடித்து வேகவைத்த அரிசியில் மாவுச்சத்து நீரை உறிஞ்சிக் குழைந்து நிற்கிறது. செரிமான நீர் அதை விரைவில் வெல்லச்சத்தாகப் பிரித்துவிடும். இரத்தத்தில் சர்க்கரை சடுதியில் ஏறும். நான் விலக்கியவையோ அந்த வேகத்துக்குக் கடிவாளங்கள். வெந்தயத்தின் நார்ச்சத்து நீரில் கரைந்து கூழாகிச் சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தும். கறியின் புரதம் இன்சுலின் சுரப்பைத் தூண்டும். கொழுப்பு, இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதை மெதுவாக்கும். பருப்பின் மாவுச்சத்தோ அரிசியினுடையதைப்போல் விரைந்து செரிப்பதில்லை. ஒரே அளவு அரிசி, தனித்து வரும்போது ஒரு முகமும், துணையோடு வரும்போது வேறொரு முகமும் காட்டுகிறது!

1981 இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர், ஒவ்வோர் உணவும் இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்பதைக் குளுக்கோசை 100 என வைத்து அளந்து காட்டினர். ஆனால் மனிதன் உணவுகளைத் தனித்தனியே உண்பதில்லையே! 2015 இல் நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் நடந்த சிறு ஆய்வொன்று என்னை மேலும் வியக்கவைத்தது. நீரிழிவுள்ள 11 பேருக்கு ஒரே உணவை இரு நாள்களில் வரிசை மாற்றிக் கொடுத்தனர். கோழிக்கறியையும் காய்களையும் முதலில் உண்டு, 15 நிமிடங்களுக்குப் பின் ரொட்டியும் பழச்சாறும் எடுத்த நாளில், ஒரு மணி நேரத்துச் சர்க்கரை 37 விழுக்காடு குறைவாக இருந்தது. உணவு மாறவில்லை, வரிசையே மாறியது.

மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, உம்மாவை மீண்டும் பொதுச் சட்டிக்கே அழைத்துவந்தோம். சட்டியில் அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டினோம். தேங்காய்ப்பாலையும் அளவோடு நிறுத்தினோம். முதலில் அவித்த முட்டையும் வெள்ளரித் துண்டுகளும். சற்றுப் பொறுத்து அரைக் கிண்ணம் கஞ்சி. வழக்கமான மாத்திரையில் மாற்றமில்லை. அவ்வார இறுதியில் கருவி 176 காட்டியது. நோய் போய்விடவில்லை; கஞ்சியே மருந்தென்றும் நான் சொல்லமாட்டேன். வடையும் சர்பத்தும் சூழ உட்கார்ந்தால் எந்தக் கஞ்சிதான் காப்பாற்றும்?

ஆனால் எண்ணைவிட வேறொன்றே என் நெஞ்சில் நிற்கிறது. தனிச் சட்டி வைத்த அந்த மூன்று நாள்களும் உம்மா எங்களோடு அமர்ந்திருந்தும் தனியாகவே உண்டார்கள். நோயாளிக்கு நல்லதென்று எண்ணி, அவர்களின் உணவிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனேன். கழிக்க வேண்டிய அரிசியை மட்டும் விட்டுவைத்தேன்.

உம்மா 2021 இல் வஃபாத்தானார்கள். இப்போது அந்தக் கருவி என் மேசையில் இருக்கிறது. குத்திக்கொள்ளும் விரல் என்னுடையது. ரமலான் வந்தால் என் மகள் கேட்கிறாள்: "உங்களுக்குத் தனியா காய்ச்சவா, வாப்பா?"

வேண்டாம் என்கிறேன்.